ராக்கபில்லி கேள்வி–பதில்: கிட்டாரா, பிக்கப்பா, ஆம்பா?

1950களின் நடுவில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கண்ட்ரியும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து பிறந்தது ராக்கபில்லி. அந்த ஒலியைப் பிடிக்க என்ன வாங்குவது, எதை எப்படித் திருகுவது என்று வாசகர்கள் கேட்டவற்றில் சில இந்த இதழில். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். புதியவர்களுக்கு: பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள், ஆம்ப் அதைப் பெருக்கி ஒலிக்கும் பெட்டி.

என்னிடம் இருப்பது ஃபெண்டர் டெலிகாஸ்டர், உடல் கெட்டியான சாலிட்பாடி. ராக்கபில்லி வாசிக்க கிரெட்ச் நிறுவனத்தினது மாதிரி உள்ளே வெற்றான பெரிய ஹாலோபாடி கிட்டார் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

இல்லை. அந்தக் காலப் பதிவுகளே சாட்சி. 1954 ஜூலை 5 அன்று மெம்பிஸில், சன் நிறுவனத்தின் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லிக்கு ஸ்காட்டி மூர் வாசித்தது கிப்சன் இஎஸ்-295. அது ஹாலோபாடிதான், ஆனால் கிரெட்ச் இல்லை. அதே ஸ்டுடியோவில் 1955 கடைசியில் கார்ல் பெர்கின்ஸ் கையில் இருந்தது லெஸ் பால், சாலிட்பாடி. ஜானி கேஷுக்குப் பின்னால் லூதர் பெர்கின்ஸ் தட்டிய அந்த 'பூம்-சிக்க-பூம்' ஃபெண்டர் எஸ்குவயரில் வந்தது. உங்கள் டெலிகாஸ்டரிலிருந்து ஒரு பிக்கப்பைக் கழற்றிவிட்டால் அதுதான் எஸ்குவயர். ரிக்கி நெல்சனுக்கு ஜேம்ஸ் பர்ட்டன் வாசித்ததும் டெலிகாஸ்டர்தான்.

கிரெட்ச் 6120 என்ற ஹாலோபாடி இந்த இசையின் அடையாளமே ஆனதற்கு முதல் காரணம் பாடகர் எடி காக்ரன். இரண்டாவது காரணம், 1980களில் 1959ஆம் ஆண்டு 6120 ஒன்றோடு மேடையேறிய, ஸ்ட்ரே கேட்ஸ் குழுவின் பிரையன் செட்சர். ஆரஞ்சு நிறமும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹாலோபாடி தருவது என்ன என்று தெரிந்தால் டெலிகாஸ்டரில் அதை எப்படி ஈடுகட்டுவது என்பதும் தெரிந்துவிடும். உள்ளே வெற்றிடம் இருப்பதால் மேல்பலகை கம்பியின் அதிர்வைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்கிறது. நோட் 'டொக்' என்று எழுந்து உடனே அடங்குகிறது. அடங்கிய இடத்தில்தான் எக்கோவும், ஸ்லாப் பாஸின் (கம்பியை இழுத்து அறைந்து வாசிக்கும் பெரிய பாஸ்) சடசடப்பும் காதில் விழுகின்றன. டெலிகாஸ்டரில் நோட் நீண்டு நிற்கும். அதைக் குறைக்க, மேற்பரப்பு தட்டையான ஃபிளாட்வவுண்ட் கம்பி போடுங்கள். வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜை (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) ஒட்டி, கீழ்ஸ்தாயிக் கம்பிகள் மூன்றின் மேல் மட்டும் லேசாக வையுங்கள். மேல்ஸ்தாயிக் கம்பிகள் மூன்றும் திறந்தே இருக்கட்டும். ரிதமுக்கு இரண்டு பிக்கப்பும் சேர்ந்த நடு நிலை, சோலோவுக்கு பிரிட்ஜ் பிக்கப், கிட்டாரின் டோன் 6 அல்லது 7. கையில் காசு இருந்தால் முதலில் எக்கோ பெடலுக்குக் கொடுங்கள். கிட்டார் கடைசியாக வரட்டும்.

ஃபில்டர்ட்ரான், டைனாசோனிக், பி-90 மூன்றில் 'ஒரிஜினல்' ராக்கபில்லி பிக்கப் எது? ஓம் கணக்கு பார்த்து வாங்கலாமா?

வரலாற்றுக் கணக்கில் பி-90-யும் டைனாசோனிக்கும்தான். ஸ்காட்டி மூரின் இஎஸ்-295, கார்ல் பெர்கின்ஸின் லெஸ் பால் இரண்டிலும் பி-90. பாடகர் ஜீன் வின்சென்டுடன் கிளிஃப் கேலப் 1956-ல் வாசித்த கிரெட்ச் டூயோ ஜெட்டில் இருந்தது டிஆர்மண்ட் நிறுவனம் செய்த டைனாசோனிக். எடி காக்ரன் தன் 6120-ல் பிரிட்ஜ் பக்க டைனாசோனிக்கை விட்டுவைத்து, கழுத்துப் பக்கத்தில் மட்டும் பி-90 மாற்றிக்கொண்டார். ஃபில்டர்ட்ரான் கிரெட்ச் கிட்டார்களில் பரவலாக ஏறியது 1958-ல்தான். சன் ஸ்டுடியோவின் பெயர்பெற்ற பதிவுகள் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிட்டன. இன்று 'கிரெட்ச் சவுண்ட்' என்று நம் காதில் பதிந்திருப்பது பெரும்பாலும் செட்சர் காலத்து ஃபில்டர்ட்ரான்.

குணத்தில் மூன்றும் மூன்று விதம். பி-90 தடித்த நடுஸ்தாயி கொண்டது. பிக்கை (கம்பியை மீட்டும் சில்லு) அழுத்தி அடித்தால் ஆம்ப் லேசாக உறுமும், மெல்ல அடித்தால் தெளியும். ஒற்றைச் சுருள் என்பதால் ஹம் (மின் இரைச்சல்) உண்டு. டியூப்லைட், டிம்மர் பக்கத்தில் இருந்தால் கூடுதலாகக் கேட்கும். டைனாசோனிக்கும் ஒற்றைச் சுருள்தான், ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு தடித்த காந்தம் நிற்பதால் ஒலியில் ஒரு வெட்டு இருக்கும். பாஸ் கம்பிகள் பியானோவின் இடது கைப் பக்கம் மாதிரி கணீரென்று வரும். ஃபில்டர்ட்ரான் இரட்டைச் சுருள், ஹம் கிடையாது. சுருள்கள் ஒல்லி, சுற்றும் குறைவு. அதனால் சாதாரண ஹம்பக்கரின் (ஹம்மை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) கொழகொழப்பு இல்லாமல் உச்சஸ்தாயி பளிச்சென்று இருக்கும்.

ஓம் கணக்கை, அதாவது சுருளின் மின்தடையை, வைத்து வாங்காதீர்கள். பழைய முறைப்படி சுற்றிய ஃபில்டர்ட்ரான் ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ ஓம் காட்டும், பி-90 ஏறத்தாழ 8. இதைப் பார்த்து ஃபில்டர்ட்ரான் பாதி சத்தம்தான் தரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சுருளில் உள்ள கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தம் மூன்றும் மாறும்போது ஓம் எண் எதையும் சொல்லாது. ஒரே வகை பிக்கப்பில் இரண்டை ஒப்பிட மட்டும் அது உதவும்: 4.2 கிலோ ஓம் ஃபில்டர்ட்ரானைவிட 6 கிலோ ஓம் என்று போட்டிருப்பது மங்கலாகவும் சத்தம் கூடியதாகவும் இருக்கும். ராக்கபில்லிக்கு முந்தையதே சரி.

டைனாசோனிக் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காந்தங்கள் வலுவானவை. கம்பிக்கு மிக அருகில் ஏற்றிவிட்டால் கம்பியைத் தம் பக்கம் இழுக்கும். ஆறாவது கம்பியை 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் வாசித்தால் ஒரே நோட்டில் இரண்டு சுருதி மோதுவது போல 'வுவ்வ்' என்று அலையும். பலர் அதை ஃப்ரெட் கோளாறு என்று நினைத்து ஃப்ரெட்டைத் தேய்க்கக் கொடுத்துவிடுகிறார்கள்! ஒவ்வொரு காந்தத்துக்கும் பக்கத்தில் உள்ள சிறு திருகைத் திருப்பினால் அந்தக் காந்தம் மட்டும் ஏறி இறங்கும். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளந்து, ஆறாவது கம்பிக்கு 4 மி.மீ., முதல் கம்பிக்கு 2.5 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். பிறகு காதை நம்பி அரை அரைச் சுற்றாக மாற்றுங்கள்.

விலை குறைந்த ஹாலோபாடி வாங்கினேன். இரண்டு ஹம்பக்கர். போர்வை போர்த்தியது போல ஒலி மங்கலாக இருக்கிறது. பிக்கப் மாற்றினால் சரியாகிவிடுமா?

மாற்றுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தைச் செலவழித்துப் பாருங்கள். பெரும்பாலான கிட்டார்களில் கழுத்துப் பக்க பிக்கப் தேவைக்கு மேல் உயர்ந்திருக்கும். அதன் உடலை 3.5 மி.மீ. வரை இறக்கி, கம்பிக்கு ஒன்றாக உள்ள தனித்தனித் திருகுகளை மட்டும் அரைச் சுற்று, முக்கால் சுற்று மேலே ஏற்றுங்கள். ஏற்றிய திருகு கம்பியின் நுனி ஒலியைப் பிடிக்கும். இறங்கிய உடல் கொழுப்பைக் குறைக்கும். பாதிப் போர்வை அப்போதே விலகிவிடும்.

அடுத்தது வால்யூம். 10-லிருந்து 7-க்கு இறக்கினால் ஒலி மங்குகிறதா? வால்யூம் கன்ட்ரோலின் உள்முனைக்கும் நடுமுனைக்கும் இடையே 0.001 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பக்க இணைப்பாக வைத்துப் பற்றவையுங்கள். வால்யூமைக் குறைத்தாலும் உச்சஸ்தாயி தங்கும். கெப்பாசிட்டர் மட்டும் போட்டால் வால்யூம் 3-க்குக் கீழே ஒலி தகரம் போல ஆகிவிடும், ரெசிஸ்டர் அதற்காகத்தான். அப்படியே கன்ட்ரோலின் மதிப்பையும் பாருங்கள். ஹம்பக்கருக்கு 250 கிலோ ஓம் போட்டிருந்தால் 500-க்கு மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு திருப்தி இல்லை என்றால் ஹம்பக்கர் அளவுச் சட்டத்தில் வரும் ஃபில்டர்ட்ரான் கிடைக்கிறது; மரத்தை வெட்ட வேண்டாம். ஹாலோபாடியில் வயர் மாற்றுவது எஃப் வடிவத் துளை வழியாகத்தான். பழைய கன்ட்ரோல்களை உள்ளே தள்ளும் முன் ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு நூலைக் கட்டிவிட்டுத் தள்ளுங்கள். நூல் இல்லாமல் உள்ளே போனதை மீண்டும் அதன் துளைக்குக் கொண்டுவருவது கிணற்றில் விழுந்த சாவியைத் தேடுகிற வேலை.

ஆம்ப்தான் குழப்பம். ட்வீட் டீலக்ஸ், பாஸ்மேன், டீலக்ஸ் ரிவெர்ப் மூன்றின் பெயரும் அடிபடுகிறது. வீட்டிலும் சிறிய அரங்கிலும் வாசிக்க எது?

மூன்றும் ஃபெண்டர் ஆம்ப்கள். சிறிய இடத்துக்கு ட்வீட் டீலக்ஸ் வகை (ட்வீட் என்பது 1950களில் அந்த ஆம்ப்களைப் போர்த்திய துணி). 5இ3 என்ற சர்க்யூட் எண்ணில் வரும் நகல்களும் அசெம்பிள் செய்யும் கிட்களும் நிறைய. இரண்டு 6வி6 வால்வு, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 12 முதல் 15 வாட். ஸ்காட்டி மூரின் முதல் பதிவுகளில் ஒலித்தது ஃபெண்டர் டீலக்ஸ்தான்.

இந்த ஆம்பில் பலர் செய்யும் தவறு வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றுவது. எண் 12 வரை இருக்கிறது. 3-லிருந்து 4½ வரை தெளிவு, பிக்கை அழுத்தினால் ஓரத்தில் சிறு கீறல். நமக்கு வேண்டியது அவ்வளவே. 6-ஐத் தாண்டினால் பாஸ் நோட்டுகள் தொளதொளவென்று உடையும். இந்த சர்க்யூட் கீழ்ஸ்தாயியைத் தாராளமாக உள்ளே விடுகிறது, அதைக் கட்டிப்பிடிக்க நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி உடைவைக் குறைக்கும் ஏற்பாடு) கிடையாது. கட்டைவிரலில் பாஸ் ஓட்டும் இசைக்கு அது ஆகவே ஆகாது. சத்தம் சீக்கிரம் உடைகிறது என்றால் 1ஆம் எண் இன்புட்டுக்குப் பதில் 2-ல் செருகுங்கள். உணர்திறன் ஏறத்தாழ பாதி. இன்னொரு வேடிக்கை: நீங்கள் பயன்படுத்தாத சேனலின் வால்யூமும் பயன்படுத்தும் சேனலின் ஒலியை மாற்றும். இரண்டும் உள்ளே ஒன்றையொன்று இழுக்கின்றன. அதைத் திருகியபடியே கேளுங்கள். ஒலி மெலிந்து தெளியும் இடத்தில் நிறுத்துங்கள்.

டிரம்ஸும் ஸ்லாப் பாஸும் சேரும் மேடை என்றால் பாஸ்மேன். 1950களின் கடைசியில் வந்த 5எஃப்6-ஏ சுமார் 40 வாட், நான்கு 10 அங்குல ஸ்பீக்கர். பாஸ் கிட்டாருக்கென்று செய்தது, கிட்டார்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். சத்தத்தை ஏற்றினாலும் கீழ்ஸ்தாயி இறுக்கமாக நிற்கும். செட்சர் பயன்படுத்துவது 1960களின் தொடக்கத்தில் வந்த, தலை தனி, பெட்டி தனியான பாஸ்மேன். வீட்டுக்கு இது வேண்டாம். அழகு வெளிப்படுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார்.

டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், எங்கும் கிடைப்பது. நடுஸ்தாயி பள்ளமாக இருக்கும், அதனால் ட்வீட்டின் தடிப்பு வராது. நார்மல் சேனலில் செருகுங்கள். வைப்ரேட்டோ சேனலில் வால்யூமோடு ஒரு பிரைட் கெப்பாசிட்டர் இருக்கிறது, டெலிகாஸ்டருக்கு அது காதைக் குத்தும். பாஸ் 3, ட்ரெபிள் 5, வால்யூம் 4-ல் தொடங்கலாம்.

எந்த வால்வு ஆம்பானாலும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஸ்பிரிங் ரிவெர்பைக் (சுருள்வில்லால் உண்டாகும் அறைமுழக்கம்) கூட்டினால் ராக்கபில்லி வருவதற்குப் பதில் சர்ஃப் இசை மாதிரி கேட்கிறது. ஏன்?

1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பரவிய சர்ஃப் இசைக்குரிய கருவியைத்தான் திருகுகிறீர்கள். ஃபெண்டரின் தனி ரிவெர்ப் பெட்டி வந்தது 1961, ஆம்புக்குள்ளேயே ரிவெர்ப் ஏறியது 1963. ராக்கபில்லியின் முதல் அலை அதற்குள் ஓய்ந்துவிட்டது. அந்தப் பதிவுகளில் கேட்பது டேப் எக்கோ. ரிவெர்ப் 0, மனம் கேட்காவிட்டால் 2.

சன் ஸ்டுடியோவில் அதன் நிறுவனர் சாம் ஃபிலிப்ஸிடம் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர்கள் இருந்தன. ஒலியை ஒன்றில் பதிவு செய்து, பதிவுத் தலையைத் தாண்டிச் சற்றுத் தள்ளி இருக்கும் வாசிப்புத் தலையில் எடுத்து, அசலோடு கலந்தால் ஒரே ஓர் எதிரொலி. தலைகளுக்கு இடையே 2 அங்குலம், டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 2-ஐ 15-ஆல் வகுக்க 133 மில்லிசெகண்ட். ஸ்லாப்பேக்குக்கு (சட்டென்று திரும்பும் ஒற்றை எதிரொலி) 80-லிருந்து 140 மில்லிசெகண்ட் என்று எல்லோரும் சொல்லும் எண்ணின் பிறப்பிடம் இதுதான். இலினாய் மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில் ரே பட்ஸ் என்பவர் டேப் எக்கோவை ஆம்புக்குள்ளேயே அடைத்து எக்கோசோனிக் என்று செய்தார். ஸ்காட்டி மூர் 1955-ல் ஒன்று வாங்கினார், கார்ல் பெர்கின்ஸும் வாங்கினார். ஃபில்டர்ட்ரான் பிக்கப்பும் இதே ரே பட்ஸின் கைவண்ணம்தான்.

டிலே பெடலில் இப்படி வையுங்கள்: நேரம் 120 மில்லிசெகண்ட், ஃபீட்பேக் (எதிரொலி எத்தனை முறை திரும்பும் என்பது) முழுக்கக் குறைத்து ஒரே எதிரொலி, மிக்ஸ் 35 முதல் 40 சதவீதம். ஒரு நோட்டைச் சுருக்கென்று அடித்து உடனே அமுக்குங்கள். 'டக்–டக்' என்று இரண்டாவது சற்று மெலிந்து கேட்க வேண்டும். மூன்றாவது கேட்டால் ஃபீட்பேக் அதிகம். இரண்டும் ஒட்டித் தடித்த ஒரே நோட்டாகக் கேட்டால் நேரம் குறைவு. டிஜிட்டல் பெடல் என்றால் எதிரொலியின் டோனைக் குறைத்து மங்கலாக்குங்கள். டேப்பின் எதிரொலி ஒருபோதும் அசல் அளவுக்குப் பளிச்சென்று இருந்ததில்லை.

நேரத்தைப் பாட்டோடு ஒட்டிப் பார்ப்பதும் அவசியம். நிமிடத்துக்கு 220 தாள அடி வேகத்தில் ஒரு தாள அடியில் பாதி சுமார் 136 மில்லிசெகண்ட். பெடலும் 136-ல் இருந்தால் எதிரொலி உங்கள் அடுத்த நோட்டுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். எக்கோ போட்டும் போடாதது போல இருக்கும். 110-க்கு இறக்கினால் வெளியே வந்துவிடும்.

பெடல் ஆம்புக்கு முன்னால் இருந்தால் ஆம்ப் தெளிவாகவே இருக்க வேண்டும். ஆம்ப் உடையும் அளவுக்கு கெயின் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) ஏற்றினால் அசலின் உச்சி நசுங்கும், மெலிந்த எதிரொலி நசுங்காது. இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்து கூழாகிவிடும். 'எக்கோ போட்டால் குழம்புகிறது' என்று எழுதியிருந்த நான்கு வாசகர்களுக்கும் இதுதான் பதில்.

எந்த அளவுக் கம்பி?

11–49 அல்லது 12–52 (முதல், ஆறாவது கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), மூன்றாவது கம்பி மேலே மெல்லிய கம்பி சுற்றப்பட்டதாக. அந்தக் காலத்தில் மூன்றாவது கம்பி அப்படித்தான் வந்தது. பல ஹாலோபாடி பிரிட்ஜ்களில் மூன்றாவது கம்பியின் இருக்கை அதற்கேற்பவே முன்தள்ளிச் செதுக்கப்பட்டிருக்கும். அதில் வெறும் கம்பி போட்டால் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறிக் கேட்கும். 9 அளவிலிருந்து தாவுபவர்கள் நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் கட்டை) பள்ளங்களை அகலப்படுத்த வேண்டியிருக்கும். மூன்றாவது கம்பியை நீட்டி வளைக்கும் பழக்கம் இருந்தால் மறந்துவிடுங்கள். இந்த இசையில் பெரும்பாலும் அதற்கு வேலை இல்லை.

ஹாலோபாடியில் எல்லாக் கம்பியையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள், பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். முதலில் பிரிட்ஜின் இரு பக்கமும் பெயின்டர் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிக்ஸ்பி கைப்பிடியை அசைத்தால் சுருதி போகிறது. கழற்றி எறிந்துவிடலாமா?

பிக்ஸ்பி (கைப்பிடியால் கம்பிகளைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை அசைக்கும் கருவி) பெரும்பாலும் நிரபராதி. சோதனை இதுதான்: சரியாகச் சுருதி சேர்த்து, கைப்பிடியை மெதுவாக அமுக்கி விடுங்கள். ஒரு கம்பி சுருதி ஏறி நிற்கிறதா? அந்தக் கம்பி நட்டில் சிக்குகிறது. அமுக்கும்போது தளர்ந்த கம்பி நட்டைத் தாண்டி டியூனர் பக்கம் போகிறது. விடும்போது திரும்ப வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் மூன்றாவது கம்பி. மென்மையான பென்சிலின் கரியைப் பள்ளத்தில் தேயுங்கள். போதாவிட்டால் கம்பியைவிட ஒரு நூலிழை அகலமான நட் அரத்தால், டியூனரின் திசைக்கு ஏற்ப, இரண்டே இழுப்பு. ஆழப்படுத்திவிடாதீர்கள், திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசும்.

நட் சரியாக இருந்தும் சுருதி போனால் பிரிட்ஜைப் பாருங்கள். அது மரத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பது. ஒவ்வொரு அசைவிலும் அரை மி.மீ. நகர்ந்தால் எல்லாக் கம்பியும் சேர்ந்து போகும். அடிப்பலகையை நிரந்தரமாகப் பின் அடித்துப் பொருத்தலாம், ஆனால் 12ஆம் ஃப்ரெட்டில் சுருதி சரிபார்த்த பிறகே: அழுத்திய நோட், அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கைவிட ஏறினால் பிரிட்ஜைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கினால் கழுத்துப் பக்கம்.

கம்பி மாட்டுவதுதான் பிக்ஸ்பியின் உண்மையான தொல்லை. கம்பியின் குண்டுமுனை சிறு ஊசிமுனையில் தொங்க வேண்டும், மறுமுனையைச் சுற்றுவதற்குள் நழுவும். மாட்டும் முன்பே குண்டை ஒட்டிய 2 செ.மீ. தூரத்தை ஒரு பென்சிலில் சுற்றிக் கொக்கி போல வளைத்துவிடுங்கள். மாட்டியதும் உருளைக்குக் கீழே ஒரு சிறு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகினால் அது குண்டை அழுத்திப் பிடிக்கும். முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் இரண்டு கையும் காலி. கம்பி இறுகியதும் ஸ்பாஞ்சை எடுக்க மறக்காதீர்கள்.

மேடையில் ஹாலோபாடி ஊளையிடுகிறது.

ஆம்பை நாற்காலி மேல் ஏற்றுங்கள், தரையின் பாஸ் அதிர்வு குறையும். ஆம்புக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஈக்யூ பெடல் இருந்தால் 100 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் எந்தப் பட்டையை 4 டெசிபல் இறக்கினால் ஊளை நிற்கிறது என்று தேடுங்கள், ஒன்று போதும். எஃப் துளைகளை ஸ்பாஞ்சால் அடைப்பது கடைசி வழி. ஊளை அடங்கும், கொஞ்சம் உயிரும் போகும்.

வால்வு ஆம்ப் வாங்க இப்போது வழியில்லை. ஹெட்போனில் மாடலிங் ஆம்ப் (பழைய ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்வது) போதுமா?

போதும். ட்வீட் மாடலைத் தேர்ந்தெடுங்கள், கெயின் 3, பின்பக்கம் திறந்த 12 அங்குல ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி, ரிவெர்ப் அணைத்து, டிலே மேலே சொன்ன எண்களில். ஹெட்போனில் எதிரொலி பக்கத்துக்குப் பக்கம் தாவும் ஸ்டீரியோ டிலே ஏற்கெனவே போட்டிருக்கும். அதை மோனோவுக்கு மாற்றுங்கள். கட்டைவிரலில் மாட்டும் பிக்கான தம்ப்பிக், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெறுமனே.